அவன் குரல் யாரிடமாவது இருக்கிறதா?

ஊர் உறவுகள் எல்லோருக்கும் சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

கோயில் திருப்பணிக் கணக்கு பற்றி எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வருகிறேன். எனக்கு ஓர் உதவி வேண்டும். நாலு வரியில் கேட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் விஷயத்தைச் சொன்னால்தான் கேட்பதன் அவசரம் புரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து ஒரு போன். கண்டக்டர் வீட்டுப் பேத்தி. பிளஸ் டூ முடித்துவிட்டாள், கல்லூரியில் சேரப் போகிறாள். மார்க், பாடம், ஹாஸ்டல் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, "பெரியப்பா, அப்பா எப்படிப் பேசுவாங்க?" என்றாள்.

"நல்லா கலகலன்னு பேசுவாம்மா" என்றேன்.

"எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. குரல் எப்படி இருக்கும்? தடிச்ச குரலா, கீச்சுக் குரலா?"

என்ன பதில் சொல்வது? காதுக்குள் இன்னும் தெளிவாகக் கேட்கும் ஒரு குரலை எப்படி வாயால் சொல்லிக் காட்டுவது? அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவன் பெயரை எழுத வேண்டியதில்லை. கண்டக்டர் மகன் என்றால் இந்தக் குழுவில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அவன் இறந்துபோனபோது அந்தப் பிள்ளைக்கு 4 வயது. போட்டோ நிறைய இருக்கிறது. கல்யாண வீடியோவும் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துக் கல்யாண வீடியோ உங்களுக்குத் தெரியுமே. முதலிலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டுதான். அவன் யாரையோ பார்த்துக் கையை ஆட்டிப் பேசுகிறான், பக்கத்தில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், மேலே நாதஸ்வரமும் டூயட்டும் ஓடுகின்றன. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி, வாயசைவைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று தானே யோசித்துக்கொள்வாளாம். அவன் கடைசியாக வைத்திருந்த போன் ஊருக்கு வந்து சேர்ந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வீட்டு ஓடு பறந்து பீரோவுக்குள் தண்ணீர் புகுந்ததே, அதோடு அதுவும் போயிற்று.

கலகலப்பு என்ற சொல் அவனுக்குப் போதாது. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். அவள் வாசிப்பாள்.

1996-இல் நாங்கள் இரண்டு பேரும் தஞ்சாவூர் சரபோஜி கல்லூரியில் சேர்ந்தோம். அவன் இயற்பியல், நான் வணிகவியல். காலை ஆறரைக்கு ஊரில் டவுன் பஸ், மன்னார்குடியில் இறங்கி அடுத்த பஸ். பஸ்ஸில் அப்போது சோழன் என்று எழுதியிருக்கும், அடுத்த வருடம்தான் அந்தப் பெயரை எடுத்தார்கள். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டருக்குப் பக்கம். அந்தத் தூரம் முழுக்க அவன் கண்டக்டர். உண்மையான கண்டக்டர் பின் படிக்கட்டுப் பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பார், இவன் முன்னாலிருந்து, "உள்ள போ உள்ள போ, நடுவுல குடும்பமே உக்கார்ற அளவு இடம் கெடக்கு" என்பான். ஜனம் நிஜமாகவே உள்ளே நகரும். "ஆச்சி, கூடைய சீட்டுக்கு அடியில தள்ளு, கத்திரிக்காய்க்கு டிக்கெட் கேட்டுடுவாரு" என்பான். டிரைவர்கூட ஒருநாள் இவன் "ரைட்" சொன்னதைக் கேட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

கார்த்திகை, மார்கழியில் வடுவூர் ஏரியில் தண்ணீர் நிறைந்து பறவைகள் வந்து இறங்கியிருக்கும். பஸ் ஏரியைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி, "வடுவூர், வடுவூர்! சைபீரியாலேர்ந்து வந்தவங்கல்லாம் எறங்கிக்குங்க!" என்று கத்துவான். மூன்று வருடமும் கேட்டோம். ஒரு தடவைகூட அலுக்கவில்லை, பஸ்ஸில் யாராவது ஒரு புது ஆள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

இதுவரை எழுதியது உங்களில் பலருக்குத் தெரியும். இனி எழுதப் போவது தெரியாது. அவனும் நானும் இதை ஊரில் பேசியதில்லை.

1997 ஜூன் 7, சனிக்கிழமை. பெரிய கோயில் குடமுழுக்குக்கான யாகசாலை பூசை நடந்துகொண்டிருந்தது. பார்க்கலாம் என்று போயிருந்தோம். நாங்கள் வாசலை நெருங்குவதற்குள் உள்ளே பந்தல் தீப்பிடித்துக்கொண்டது. கூட்டம் வெளியே பாய்ந்தது. அந்த ஒரே நாளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீயில் போனவர்களும் உண்டு, நெரிசலில் மிதிபட்டுப் போனவர்களும் உண்டு. நான் அகழி ஓரம் ஒரு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். கால் நகரவில்லை. அவன் ஒரு பாட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடியதைப் பார்த்தேன். பிறகு வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வாடா மாப்ள, ஆஸ்பத்திரிக்கு ஆள் வேணுமாம்" என்றான்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில் சுற்றுவட்டார ஊர்ச் சனம் எல்லாம் நின்றது. யார் உள்ளே இருக்கிறார்கள், யார் பிழைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. செல்போன் கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதில் ஒரு பெயரும் விளங்கவில்லை. வார்டில் இருந்தவர்களில் பேச முடிந்தவர்களிடம் இவன் போய் ஊரை மட்டும் கேட்டு வந்தான். வெளியே வந்து ஒரு திண்டின் மேல் ஏறினான். தொண்டையைச் செருமினான்.

"திருவையாறு... திருவையாறு, திருவையாறு. பாபநாசம், பாபநாசம். ஒரத்தநாடு, ஒரத்தநாடு, ஒரத்தநாடு..."

அதே பஸ் ஸ்டாண்டுக் குரல். இழுவையும் அதேதான். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குரலுக்கு நம் சனம் பழகியிருக்கிறது பாருங்கள், ஊர் பெயர் காதில் விழுந்ததும் அந்தந்த ஊர்க்காரர்கள் தானாகவே ஒதுங்கி ஒன்றாக நின்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊராகக் கூட்டிப் போய் அடையாளம் காட்ட முடிந்தது. இரவெல்லாம் கூப்பிட்டான். விடியும்போது அவன் தொண்டையில் காற்று மட்டும்தான் வந்தது. டீக்கடையில் இரண்டு விரலைக் காட்டி டீ சொன்னான். பத்து நாள் அவனுக்குப் பேச்சு வரவில்லை. வீட்டில் ஐஸ் தண்ணீர் குடித்ததாகச் சொல்லச் சொன்னான், சொன்னேன்.

ஆகவே மகளே, உன் அப்பா குரல் தடிச்ச குரல்தான். அடியில் கொஞ்சம் கரகரப்பு இருக்கும். அந்தக் கரகரப்பு 1997-க்குப் பிறகு வந்தது.

சிங்கப்பூர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் 2004-இல் வந்தேன், அவன் 2007-இல். துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். தினமும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங் அவன் பொறுப்பு. "ஹெல்மெட் போட்டாச்சா? பெல்ட் கொக்கி மாட்டியாச்சா? கண்ணாடி எங்க? சரி, போலாம் ரைட்!" பங்களாதேஷ் தம்பிகள்கூட "போலாம் ரைட்" என்று திருப்பிச் சொல்வார்களாம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்தித்துவிட்டு ரயிலில் போகும்போது, ஆள் குறைந்த பெட்டியாக இருந்தால் என் காதோரம் மெதுவாக, "கிளமெண்டி, ஜூரோங் ஈஸ்ட், சைனீஸ் கார்டன், லேக்சைட், பூன் லே எறங்கு" என்று ஓதிக்கொண்டே வருவான். ஊர் ரூட் மாதிரியே கேட்கும்.

2012, தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. சிராங்கூன் ரோடு முழுக்க விளக்கு போட்டிருந்தார்கள். சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு அவன் போன் செய்தான். "மாப்ள, நெஞ்சு கரிக்குதுடா. தாடையெல்லாம் வலிக்கிற மாதிரி இருக்கு. சாயங்காலம் தின்ன பிரியாணி ஒத்துக்கல போல." நான், "வாயுவா இருக்கும், சோடா குடிச்சிட்டுப் படு" என்றேன். "சரி, ரைட்" என்றான். அவ்வளவுதான். விடியற்காலை அறைத் தோழர் 995-ஐ அழைத்தார், ஆம்புலன்ஸும் வந்தது. மாரடைப்பு. வயது 33.

நான் சொன்ன அந்த ஒரு வரியை இத்தனை வருடமாக எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதுவது இந்தக் குழுவில் இருக்கும் அறைத் தம்பிகளுக்காக. நம்மவர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது. நெஞ்சு எரிச்சலோடு தாடையோ இடது கையோ வலித்தால், வேர்த்துக் கொட்டினால், வாயு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். 995-ஐ அழையுங்கள். ஆள் மூச்சில்லாமல் விழுந்துவிட்டால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை எப்படி அழுத்துவது என்று போனிலேயே சொல்லித் தருகிறார்கள். நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை, நல்ல அழுத்தமாக. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டியை வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளின் லிஃப்ட் வாசலில் மாட்ட ஆரம்பித்தது 2015-இல், அவன் போய் மூன்று வருடம் கழித்து. இரண்டு புளோக்குக்கு ஒன்று என்று இப்போது இருக்கிறது. உங்கள் புளோக்கில் எந்த லிஃப்ட் பக்கம் இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பார்த்து வையுங்கள். நான் குடியிருக்கும் ஈசூன் புளோக்கில் அதைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன்.

அவுட்ரம் ரோடு பிளாக் 9 பிணவறையில் நான்தான் அடையாளம் சொன்னேன். அப்புறம் கிரேஞ்ச் ரோடு தூதரகத்தில் தடையில்லாச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, சவப்பெட்டிக்குச் சான்று என்று இரண்டு நாள் ஓடியது. செலவுக்கு நீங்கள் எல்லோரும் அனுப்பினீர்கள், ஒரே நாளில் சேர்ந்தது. அதை அவன் வீட்டில் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

திருச்சியில் இறங்கி ஆம்புலன்ஸில் ஏற்றியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தஞ்சாவூர் வந்தது. அங்கிருந்து எங்கள் பஸ் ரூட். வடுவூர் நெருங்கும்போது விடியவில்லை, ஏரி தெரியவில்லை, பறவைச் சத்தம் மட்டும் இருட்டிலிருந்து வந்தது. டிரைவருக்கு வயது இருபதுதான் இருக்கும். "என்னண்ணே இது சத்தம்?" என்று கேட்டார். "சைபீரியாலேர்ந்து வந்திருக்காங்க தம்பி" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவன் அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "பஸ்ஸுல என்ன பண்ணுவான் தம்பி, சொல்லு" என்றார். நான் அவனைப் போலவே பேசிக் காட்ட முயன்றேன், சரியாக வரவில்லை. அம்மா தலையை ஆட்டி, "அது அவன் கொரலே இல்ல தம்பி. அவங்க அப்பா கொரலு. அவரு போறப்ப இவன் ஒம்பதாவது படிச்சான். அதுக்கப்புறம் வீட்டுல தனியா இருக்கும்போது அவரு மாதிரியே கூப்புட்டுப் பாப்பான். நான் அடுப்பங்கரையில அரிசி களைஞ்சதை அப்படியே வச்சிட்டு நின்னு கேப்பேன். உள்ள போனா நிறுத்திடுவான்னு போகமாட்டேன்" என்றார்.

அவன் அப்பா கண்டக்டர் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மூன்று வருடம் அந்தப் பஸ்ஸில் பக்கத்திலேயே நின்றும், இவன் யார் குரலில் பேசுகிறான் என்று எனக்கு உறைத்ததே இல்லை.

சரி, நான் கேட்பது இதுதான். 2011 பொங்கலுக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நம் ஊர்க்காரர்கள் கூடினோம். உறியடிக்கும் பிள்ளைகளின் ஓட்டப் பந்தயத்துக்கும் மைக் பிடித்தவன் அவன்தான். அன்றைக்கு இரண்டு பேர் ஹேண்டிகேமில் எடுத்தார்கள், ஒருவர் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறார், இன்னொருவர் யார் என்று எனக்கு நினைவில்லை. பலர் போனிலும் எடுத்தார்கள். பழைய நோக்கியா, பழைய மெமரி கார்டு, பரணில் கிடக்கும் சி.டி., கேமரா டேப் எதுவானாலும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். படம் தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவன் படத்தில் இல்லாமல் பின்னால் மைக் சத்தம் மட்டும் இருந்தாலும் போதும். வாசிக்கும் கருவி இல்லையென்றால் அப்படியே எனக்கு அனுப்புங்கள். சிம் லிம்மில் எடுத்துத் தருபவர் ஒருவர் இருக்கிறார், விசாரித்து வைத்திருக்கிறேன். செலவு என்னுடையது. எதையும் அழிக்காமல் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

ஒன்றும் கிடைக்காதவர்கள், அவன் உங்களிடம் சொன்ன ஏதாவது ஒரு வாக்கியத்தை அவன் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். நல்லவன், கலகலப்பானவன் என்று வேண்டாம். அதை அவள் நிறையக் கேட்டுவிட்டாள்.

ஜூன் கடைசியில் நான் ஊருக்குப் போகிறேன். அவளைக் கல்லூரியில் விட்டுவர நானும் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில்தான் போகவேண்டுமாம், வடுவூர் வழியாக. அதற்குள் ஏதாவது கிடைத்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
கீழத்தெரு வாத்தியார் மகன்
ஈசூன், சிங்கப்பூர்