அம்மா பெயரில் உள்ள கணக்கு: "பிடிபிஏ, பேச முடியாது" என்றால் என்ன செய்வது?

கேள்வி: நிபோங் திபால் மகள்
வணக்கம். வீட்டு இணையம் அம்மா பெயரில் இருக்கிறது. அம்மா பினாங்கில், நான் கோலாலம்பூரில். இணைப்பு அறுந்ததைச் சொல்ல அழைத்தால், "நீங்கள் கணக்குக்காரர் இல்லை, பிடிபிஏ சட்டப்படி பேச முடியாது" என்கிறார்கள். பில் கட்டுகிறேன் என்றாலும் அதே பதில்தான். அம்மாவுக்கு மலாய் கொஞ்சம்தான் வரும். சட்டம் உண்மையிலேயே இப்படியா?

பதில் 1: சட்டப்பிரிவு
இல்லை. பிடிபிஏ என்பது மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது 2013 நவம்பர் 15 முதல் அமலில் உள்ளது. ஒப்புதல் இல்லாமல் தரவை வெளியே கொடுக்காதே என்கிறது 8ஆவது பிரிவு. "மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது" என்று நீங்கள் சொல்லும்போது தகவல் உள்ளேதான் போகிறது. அம்மாவைப் பற்றி எதுவும் வெளியே வரவில்லை. பில் கட்டுவதும் அப்படித்தான். நிலுவை எவ்வளவு, எந்தத் திட்டம் என்று கேட்கும்போதுதான் அம்மாவின் ஒப்புதல் தேவை. அதனால் "இது சட்டமா, உங்கள் கம்பெனி விதியா?" என்று தன்மையாகக் கேளுங்கள். கம்பெனி விதி என்றால் மேலதிகாரி தளர்த்தக்கூடும்.

பதில் 2: அழைப்பு மையம்
அழைப்பை அம்மாவே தொடங்கி, உங்களையும் இணைக்கட்டும். பெயர், மைகார்டு (அடையாள அட்டை) எண், முகவரி கேட்பார்கள். சொன்னதும், "சாயா பெனார்கான் அனாக் சாயா பெர்ச்சாக்காப் பாகி பிஹாக் சாயா" (என் சார்பில் பேச என் பிள்ளைக்கு அனுமதி தருகிறேன்) என்று அம்மா ஒரு வரி சொன்னால் போதும். ஊழியர் அதைக் கணக்கில் குறித்துக்கொண்டாரா என்று கேட்டு, புகார் எண்ணையும் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் இது அந்த ஓர் அழைப்புக்கு மட்டும்தான் செல்லும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் சூராட் கெபெனாரான், அதாவது அனுமதிக் கடிதம் கொடுங்கள். அதில் கணக்கு எண், இருவரின் பெயரும் மைகார்டு எண்ணும், முடிவுத் தேதி, அம்மாவின் கையெழுத்து இருக்க வேண்டும். எதற்கெல்லாம் அனுமதி என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள்: பில் பார்க்க, பழுது சொல்ல, திட்டம் மாற்ற, இணைப்பை ரத்து செய்ய. "எல்லாவற்றுக்கும்" என்று பொதுவாக எழுதினால், ரத்து செய்யப் போகும்போது திருப்பி அனுப்பக்கூடும். மைகார்டு நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் எந்தக் கம்பெனிக்கு, எதற்காக, என்ன தேதி என்று எழுதுங்கள். எழுத்து முகத்தின் மேலும் எண்ணின் மேலும் விழக் கூடாது. விழுந்தால் நகலை ஏற்காமல் போகலாம்.

அம்மா மாதிரி பேசிச் சமாளிக்க மட்டும் வேண்டாம். சந்தேகம் வந்தால் கணக்கையே முடக்கிவிடக்கூடும், பிறகு அம்மா நேரில் போய் நிற்க வேண்டிவரலாம்.

பதில் 3: பிரிக்பீல்ட்ஸ்
இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. கணக்குக்காரரே தன் தரவைக் கேட்டாலும் "பிடிபிஏ, தர முடியாது" என்பார்கள். அதைப் பார்க்கும் உரிமையைத் தருவதே இந்தச் சட்டம்தான், 30ஆவது பிரிவு. எழுத்தில் கேளுங்கள். நகலோடு கேட்டால் கட்டணமாக 10 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வாங்கக் கூடாது. உடல்நலம் போன்ற நுண்ணிய தரவுக்கு உச்சவரம்பு 30 வெள்ளி. 21 நாளில் பதில் வர வேண்டும். வேறொருவர் தரவும் கலந்திருந்தால் மறுக்க இடமுண்டு. பதிலே வராவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: கூட்டரசு, மாநில அரசுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அரசாங்க கவுண்டரில் இதைக் காட்டிப் பயனில்லை.

நிபோங் திபால் மகள்
நன்றிங்க. கடிதம் தமிழில் இருக்கலாமா?

அழைப்பு மையம்
மலாயில் எழுதுங்கள். கையெழுத்து மட்டும் அம்மா வழக்கமாகப் போடுவது போலவே இருக்கட்டும். விண்ணப்பப் பாரத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.