கேரியரைக் கழற்றியதில் கிடைத்த மைலேஜ்: காற்றுத்தடை குறித்த சில அனுபவங்கள்

திருச்சி, பெட்ரோல் வேகன் ஆர்

மாதம் இருமுறை திருச்சியிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்புபவன் என்பதால், என் காரின் ஓட்டத்தில் பெரும்பகுதி நான்கு வழிச் சாலையில் 80, 90 கி.மீ. வேகத்திலேயே கழிகிறது. நகருக்குள் நின்று நின்று ஓடும் வண்டிக்கு நான் கீழே எழுதுவது எதுவும் பயன்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. என் வண்டியைப் போன்ற உயரமான பெட்டி வடிவக் காரை 60 கி.மீ. வேகத்தில் சுமார் 12 கிலோ எடைக்குச் சமமான விசையால் பின்னுக்குத் தள்ளும் காற்று, 80-இல் 22 கிலோவாகவும் 100-இல் 35 கிலோவாகவும் தள்ளும் என்று தோராயமாகக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான், வெறுமனே கூரைமேல் கிடந்த, சாமான் கட்டும் கேரியரின்மீது என் கண் விழுந்தது.

அந்தக் கேரியரைச் சபரிமலைப் பயணத்துக்காக மாட்டியிருந்தோம். கழற்றச் சோம்பல்பட்டு எட்டு மாதங்களாக அப்படியே விட்டிருந்தேன். அது இருக்கும்போது, டேங்கை நிரப்பி ஓட்டி, மீண்டும் நிரம்ப எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்கும் டேங்க் ஃபுல் முறையில் நான்கு பயணங்களின் சராசரி லிட்டருக்கு 19.4 கி.மீ.; கழற்றிய பிறகு அதே பங்கில், அதே பம்பில், பம்ப் தானாக நிற்கும் முதல் கட்-ஆஃபிலேயே நிறுத்தி நிரப்பி எடுத்த நான்கு பயணங்களின் சராசரி 20.8. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல், நான்கு நட்டுகளைக் கழற்றிய அரை மணி நேர வேலையில் கிடைத்தது இது. இதற்குப் பின் நான் பணம் செலவழித்துச் செய்த எதுவும் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

ஆசை விடவில்லை. காற்று வண்டியின்மேல் எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்ப்பதற்காக, கம்பளி நூலை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, பானட்டிலிருந்து பின்கதவு வரை செல்லோடேப்பால் ஒட்டினேன். மைத்துனர் பக்கத்துத் தடத்தில் தம் காரை ஓட்ட, அவர் மகன் கைப்பேசியில் படம் பிடித்தான். பானட்டின் மேலும் கூரையின் மேலும் நூல்கள் எண்ணெய் வைத்து வாரிய தலைமுடிபோல் படிந்து கிடந்தன. பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவை நடுங்கின. பின்கதவில் ஒட்டியவையோ திசை தெரியாமல் சுழன்றன. சில நூல்கள் வண்டி போகும் திசையிலேயே, மேல்நோக்கி, கண்ணாடியின்மேல் ஏறி நின்றன. மழை நாளில் பின்கண்ணாடியில் மட்டும் அவ்வளவு சேறு படிவது ஏன் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. கூரை முடிந்த இடத்தில் காற்று வண்டியை விட்டுப் பிரிந்துவிட, பின்னால் உண்டாகும் குறைந்த அழுத்தப் பகுதி சக்கரம் கிளப்பும் தூசியையும் நீரையும் இழுத்து அங்கேயே சுழலவிடுகிறது. அதே குறைந்த அழுத்தம்தான் வண்டியையும் பின்னால் பிடித்து இழுக்கிறது.

அடுத்ததாக, முன்பக்க மேல் கிரில்லை அடைத்தேன். தேர்தல் தட்டிகளுக்குப் பயன்படுத்தும் சன்பேக் அட்டையை அளவாக வெட்டி, உட்புறம் வைத்து கேபிள் டையால் கட்டினேன். ரேடியேட்டருக்குள் புகுந்து முட்டி மோதி வெளியேறும் காற்றும் ஒரு தடையே என்பதால், தேவைக்கு மேல் உள்ள திறப்பை மூடுவது கோட்பாட்டளவில் சரியானது. பல புதிய கார்களில் தானாகத் திறந்து மூடும் கிரில் ஷட்டர்கள் வருவதும் இதற்காகவே. மார்கழியில் எந்தத் தொல்லையும் இல்லை. சித்திரையில், வரிசை நீண்டு நின்ற ஒரு டோல்கேட்டில், முதலில் ஏசி காற்றின் குளிர்ச்சி போயிற்று. வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைக் காட்டும் ஓபிடி கருவியில் வழக்கமாக 92 டிகிரி காட்டும் எஞ்சின் வெப்பநிலை 104-ஐத் தொட்டது. விசிறி நிற்காமல் ஓடியது. ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. சாலையோரம் நிறுத்தி, வெட்டுவதற்கு வேறொன்றும் இல்லாமல் நகவெட்டியால் கேபிள் டைகளை வெட்டி எடுத்தேன். நம் ஊர் வெயிலில் கிரில்லை அடைக்க நினைப்பவர்கள், வெப்பநிலையை எண்ணாகக் காட்டும் கருவி இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

சக்கரங்களுக்குத் தட்டையான மூடிகள் போட்டதில் 0.6 கி.மீ. கூடியதாக என் நோட்டில் இருக்கிறது. அது உண்மைதானா என்பதில் எனக்கே ஐயம் உண்டு.

திருநெல்வேலி, டீசல் செடான்

ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது. அந்த 0.6 எந்த மாதத்தில், எந்தத் திசையில் கிடைத்தது என்று பாருங்கள். நான் நாகர்கோவிலுக்கு அடிக்கடி போகிறவன். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு, முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே சாட்சி. 80-இல் ஓட்டும் வண்டிக்கு எதிரே 25 கி.மீ. வேகக் காற்று வந்தால், வண்டியைப் பொறுத்தவரை அது 105 கி.மீ. வேகக் காற்றாகும், தடை ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். போகும்போது ஒரு மைலேஜ், வரும்போது வேறொரு மைலேஜ். எனவே போவது, வருவது இரண்டையும் சேர்த்துக் கணக்கிடாத எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை.

இதைவிட எளிய முறை ஒன்று உண்டு. விடியற்காலையில், காற்று அசையாத நேரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில் 80-ஐத் தாண்டியதும் நியூட்ரலில் விட்டு, 80-லிருந்து 60-க்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பக்கத்தில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள்; நொடி கூடினால் தடை குறைவு என்று பொருள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள், பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் அது வேண்டும். இரு திசையிலும் ஐந்தைந்து முறை அளந்து சராசரி பாருங்கள். என் வண்டியில் கூரைப் பெட்டியுடன் 18 நொடி, பெட்டியில்லாமல் 20 நொடி. 1970-களில் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸில் இருந்த நாசா ஆய்வு மையத்தினர் ஒரு வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்துச் செருப்புப் பெட்டிபோல் கூர்முனைகளுடன் ஆக்கி, பின்னர் அம்முனைகளை ஒவ்வொன்றாக உருட்டி, ஒவ்வொரு முறையும் இப்படி உருளவிட்டுத்தான் அளந்தார்கள். முனைகளை வளைத்ததிலேயே காற்றுத்தடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

நாமக்கல், லாரி

கார் வைத்திருப்பவர்கள் அரை கிலோமீட்டருக்கு இவ்வளவு பாடுபடுகிறீர்கள். எங்களுக்கு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கிடைப்பதே பெரிது என்பதால், கால் கிலோமீட்டர் கூடினாலும் ஒரு வடநாட்டு நடைக்கு ஆயிரக்கணக்கில் மிஞ்சும். பஞ்சுப் பொதி ஏற்றினால் கேபினுக்கு மேல் நான்கடிச் சுவர்போல் லோடு நிற்கும். காற்று முழுவதும் அதில்தான் அறையும். பட்டறையில் சொல்லி கேபின் மேல் சாய்வான ஃபைபர் தடுப்பு வைத்ததில், லோடுடன் 4.0 கொடுத்த வண்டி 4.2 கொடுத்தது. ஆனால் வெறும் வண்டியாகத் திரும்பும்போது அந்தத் தடுப்புக்குப் பின்னால் மறைப்பதற்கு ஒன்றும் இல்லாததால், அதுவே காற்றைப் பிடிக்கும் பலகையாகிவிடுகிறது. இப்போது கீல் வைத்து மடக்கும்படி மாற்றியிருக்கிறேன். தார்ப்பாயைப் பற்றி யாரும் எழுதவில்லை. கயிறு தளர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டே வரும் தார்ப்பாய் டீசலைத் தின்னும். டீ குடிக்க நிற்கும் இடத்தில் எல்லாம் இறங்கிக் கயிற்றை இறுக்குவது எங்கள் ஓட்டுநர் அண்ணனின் பழக்கம்.

கோவை, பணிமனை

காற்று என்றதும் எஞ்சினுக்குள் போகும் காற்றை நினைத்துக்கொண்டு வருபவர்களே என்னிடம் அதிகம். கூம்பு வடிவ ஃபில்டர், குழாய்க்குள் சுழலும் சிறு விசிறி என்று வாங்கி வந்து மாட்டச் சொல்வார்கள். இன்றைய பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றை சென்சார் அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை மட்டுமே கம்ப்யூட்டர் விடுகிறது. கூடுதல் காற்று போனால் கூடுதல் பெட்ரோலும் போகும். வேகம் பிடிக்கும் திறன் மாறலாம், மைலேஜ் மாறாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் அடைபட்ட ஃபில்டருடன் இக்காலக் கார்களை ஓட்டிப் பார்த்தபோதும், எரிபொருள் செலவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்ற கார்புரேட்டர் காலத்து அறிவுரையை நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தூசியைத் தடுக்கத்தான் ஃபில்டர், அதற்காக அதை மாற்றுங்கள். கூம்பு ஃபில்டர் எஞ்சின் அறையின் சூடான காற்றை இழுப்பதுடன், அதில் பூசியிருக்கும் எண்ணெய், காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து வந்த வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

வண்டியைத் தூக்கும்போது ஒருமுறை அடியில் பாருங்கள். எஞ்சினுக்குக் கீழே வரும் பிளாஸ்டிக் தட்டு பாதி வண்டிகளில் காணாமல் போயிருக்கிறது. எங்கோ ஆயில் மாற்றியவர்கள் கழற்றி வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். அடிப்பாகத்தின் மேடுபள்ளங்களில் காற்று முட்டாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் நிறுவனத்தார் அதை வைக்கிறார்கள். இன்னொன்று, முன்னால் இரும்பு கிராஷ் கார்டு மாட்டியிருப்பவர்கள் கழற்றிவிடுங்கள். காற்றுத்தடைக்காக இல்லாவிட்டாலும், 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக உத்தரவிட்டிருக்கிறது, ஏர்பேக்கின் வேலையையும் அது கெடுக்கும்.

திருச்சி, பெட்ரோல் வேகன் ஆர்

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த 0.6 ஆடி பதினெட்டுக்கு முந்தைய வாரம், திருச்சியிலிருந்து சென்னை நோக்கி, அதாவது தென்மேற்குக் காற்று முதுகில் தள்ள ஓட்டியதில் கிடைத்தது; திரும்பி வந்த கணக்கை நான் எழுதவே இல்லை. அதை அடித்துவிட்டேன். நெல்லை ஐயா சொன்னபடி, புறவழிச்சாலை ஓரத்துச் சேவைச் சாலையில் காலை ஐந்தரை மணிக்கு மூடிகளுடனும் மூடிகள் இல்லாமலும் இரு திசையிலும் அளந்ததில், சராசரி வேறுபாடு அரை நொடிக்கும் குறைவு. நொடிமானியை அழுத்திய மைத்துனர் மகனின் விரல் தாமதமே அவ்வளவு இருக்கும். கேரியரை மாட்டி அளந்தபோது மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் ஒரு நொடிக்கு மேல் குறைந்தது. கோவை நண்பர் எழுதியதைப் படித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். என் வண்டியிலும் அடித்தட்டு இல்லை. புதிய தட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். கேரியர் பரணில் கிடக்கிறது, கார்த்திகை மாதம் மாலை போட்ட பிறகு இறங்கும்.