விஸ்கியில் தண்ணீர் ஊற்றலாமா? அப்புறம் இந்த அயர்ன் ப்ரூ?

கிளாஸ்கோபுதுசு: இங்கே கிளாஸ்கோவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஆரஞ்சு நிற அயர்ன் ப்ரூ சோடாதான். சுவை எப்படி இருக்கும்? இன்னொன்று, சிங்கிள் மால்ட் விஸ்கியில் தண்ணீர் கலந்தால் முறைப்பார்களா?

பீட்புகை: தாராளமாகக் கலக்குங்கள். பீப்பாயில் 55, 60 சதவீத ஆல்கஹாலோடு இருப்பதை பாட்டிலில் அடைக்கும்போதே பெரும்பாலும் தண்ணீர் விட்டு 40, 43க்கு இறக்கிவிடுகிறார்கள், அப்புறம் நாம் நாலு சொட்டு விட்டால் மட்டும் என்ன பாவம்? 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினியில் போட்டுப் பார்த்தார்கள்: புகைவாசம் தரும் குவையக்கால் என்ற வேதிப்பொருள், ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருந்தால் மேற்பரப்பில் நிற்கிறது, 59ஐத் தாண்டினால் உள்ளே அமுங்கிவிடுகிறது. ஐஸ் மட்டும் வேண்டாம், வாசம் அடங்கிப்போகும்.

சோடாமூடி: அயர்ன் ப்ரூ பபிள்கம் மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்கும். பெயருக்கேற்ப இரும்புச் சத்தும் உண்டு, அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட், 0.002 சதவீதம்! பிரிட்டனில் 2018இல் வந்த சர்க்கரை வரிக்குச் சற்று முன் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் இருந்த சர்க்கரையைப் பாதிக்கும் கீழே குறைத்ததும் ஜனங்கள் பழைய பாட்டில்களை வாங்கிப் பதுக்கினார்கள். அந்தத் தித்திப்பு வேண்டுமென்றால் 1901 என்று போட்டதை வாங்குங்கள்.

கிளாஸ்கோபுதுசு: சரி, இரண்டையும் கலந்தால்?

பீட்புகை: வோட்காவில் கலந்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மால்ட்டைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.