காலையில் போட்ட மேக்கப் மதியத்துக்குள் திட்டுத்திட்டாகிறது, திங்கள்கிழமை வேலைக்குச் சேர வேண்டும்!

மஞ்சக்குப்பம் பொண்ணு:
அக்காமார்களே, அவசரம். கடலூரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. திங்கள்கிழமை ஹோட்டல் வரவேற்பில் சேர்கிறேன். காலை 6 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு 8 ஆகும். ஊரில் இதே ஃபவுண்டேஷன், இதே காம்பாக்ட்தான். உப்புக்காற்றில் பஸ் ஏறிப் பாண்டி போய் வந்தாலும் அசையாது. இங்கே போட்டுப் பார்த்தால் மதியத்துக்குள் மூக்கோரம் வெடித்து, கண்மை கன்னத்துக்கு இறங்கிவிட்டது. நாளை ஞாயிறு, கடை இருக்காது. ஏதாவது வாங்க வேண்டும் என்றால் இப்போதே சொல்லுங்கள், ப்ளீஸ்.

நெல்லித்தோப்பு அக்கா, பாரிஸ்:
மேக்கப் கிடக்கட்டும்மா. கார்த் த செஜூர் (தங்கும் அனுமதி அட்டை), பாங்க் கணக்கு எல்லாம் ஆச்சா? அதை முதலில் பார். நான் வந்த புதிதில் ஒவ்வொரு கவுண்டராக அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். பிரான்ஸ்தானே வந்திருக்கிறாய்? குளிரில் ரயிலுக்கு ஓடும்போது கண்ணில் தண்ணீர் கொட்டும், மை எங்கே நிற்கும்? நான் பொட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

துறைமுகம், இப்போது ஷார்ஜா:
க்ரீமே வேண்டாம். ஃபவுண்டேஷனுக்கு அடியில் தடவுகிற பிரைமர், பளபளக்காத மேட் வகை, அதன்மேல் ஃபவுண்டேஷன், மேலே பவுடரை நன்றாக அப்பு. வெளியே வேர்வை, உள்ளே ஏசி. பவுடர் இல்லாமல் நான் ஒரு நாளும் பிழைத்ததில்லை.

வில்லியனூர், டொராண்டோ:
ஐயோ, பவுடரைத் தொடாதே! ஹீட்டர் ஓடுகிற அறையில் இருக்கிற ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொண்டு முகத்தைக் கோடு கோடாகக் காட்டும். என் முதல் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போனது.

முதலியார்பேட்டை தம்பி:
ஆம்பளைகளுக்கு மட்டும் நிம்மதி என்று நினைக்காதீர்கள். உரிந்த தோலில் தினமும் ஷேவ் பண்ணச் சொல்கிறார்கள். அதைவிடக் கொடுமை வாடகை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், அதற்கு இவ்வளவு காசு.

நெல்லித்தோப்பு அக்கா, பாரிஸ்:
வாடகையை ஞாபகப்படுத்தாதே தம்பி. லா சப்பலில், நம்ம தமிழ்க் கடைகள் இருக்கிற தெருவில், முருங்கைக்காய் விலை கேட்டாயா? கேட்டால் சாம்பாரே வேண்டாம் என்பாய்.

லாஸ்பேட்டை பியூட்டிஷியன்:
முருங்கைக்காயை அப்புறம் பார்க்கலாம். ஏம்மா, எந்த ஊர், என்ன தோல், அடியில் என்ன தடவுகிறாய்? இதைச் சொல்லாமல் யார் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

மஞ்சக்குப்பம் பொண்ணு:
பாரிஸ் பக்கம்தான் அக்கா. மூக்கு பளபளக்கும், கன்னம் உரிகிறது. புதிதாக வாங்கிய பிரைமர் மேல் ஃபவுண்டேஷன் தேய்த்தால் திரி திரியாக உருண்டு வருகிறது. அம்மா சொன்னார் என்று கண்ணைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன்.

லாஸ்பேட்டை பியூட்டிஷியன்:
இப்போது புரிகிறது. மை இறங்குவது எண்ணெயால். அதை இரவோடு நிறுத்து. காலையில் இமையையும் கண்ணுக்கு அடியையும் டிஷ்யூவால் ஒற்றி, விரல் நுனியளவு பவுடர் வைத்து, அதன்பின் வாட்டர்ப்ரூஃப் மை.

பிரைமர் டப்பாவில் டைமெத்திகோன் மாதிரி ‘கோன்’ என்று முடிகிற பெயர் முதலில் வருகிறதா? அப்படியென்றால் அது சிலிகோன். ஃபவுண்டேஷன் தண்ணீர் அடிப்படையில் இருந்தால் இரண்டும் ஒட்டாமல் உருளும். வேறு வாங்காதே, பிரைமரை விட்டுவிடு.

அந்த ஊர்த் தண்ணீர் கடினத்தண்ணீர், கெட்டிலில் வெள்ளையாகப் படிந்திருக்குமே. நுரை பொங்குகிற ஃபேஸ்வாஷ் வேண்டாம். முகம் ஈரமாக இருக்கும்போதே க்ரீம் தடவிவிட்டுப் போய் டிபன் சாப்பிடு. திரும்பி வந்து மிச்சப் பிசுபிசுப்பை ஒற்றிவிட்டு, ஈர ஸ்பாஞ்சால் ஃபவுண்டேஷனை மெல்லிசாகத் தட்டு. தேய்த்தால் உரிந்த தோல் எழுந்து நிற்கும். பவுடர் மூக்கு, நெற்றி நடு, தாடை, அவ்வளவுதான். கன்னத்துக்கு வேண்டாம். மதியம் மூக்கு பளபளத்தால் முதலில் டிஷ்யூவால் ஒற்று. எண்ணெய் மேல் பவுடர் போட்டால்தான் வெடிக்கும்.

மஞ்சக்குப்பம் பொண்ணு:
மேக்கப் நிற்க மேலே அடிக்கிற செட்டிங் ஸ்பிரே?

லாஸ்பேட்டை பியூட்டிஷியன்:
இருந்தால் அடி, இல்லாவிட்டால் பரவாயில்லை. வாசனை இல்லாத க்ரீம் ஒன்று மட்டும் இப்போதே வாங்கு. நாளை காலையிலேயே முழுசாகப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை வைத்துப் பார். எங்கே வெடிக்கிறது என்று வந்து சொல்.

நெல்லித்தோப்பு அக்கா, பாரிஸ்:
பச்சைச் சிலுவை எரிகிற ஃபார்மசியில் அந்த க்ரீம் கிடைக்கும்மா. மூடுவதற்குள் ஓடு.