சூழ்நிலை எப்படியிருந்தாலும் மனத்தை நல்லபடியாக வைத்திருக்க முடியுமா?

கேள்வி: உப்புவெளி வாசகி

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. வலது கையும் காலும் இன்னும் வசப்படவில்லை. என் தையல் மெஷினில் வருவதுதான் இப்போது வீட்டு வருமானம். அவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், "என்ன நடந்தாலும் மனதைச் சந்தோஷமாக வைத்திருப்பது உன் கையில்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நானும் அப்படியே இருக்க முயன்றேன். போன கிழமை என் ஒன்பது வயது மகள், "அம்மா, நீங்கள் சிரிக்கிற நேரம் எனக்குப் பயமாக இருக்குது" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மனநிலையை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது உண்மையா, அல்லது இத்தனை நாளும் நான் நடித்துக்கொண்டிருந்தேனா?

பதில்: திருக்கடலூர் கடற்றொழிலாளி

தங்கச்சி, 2004 டிசம்பர் 26 போயா தினத்தன்று என் அண்ணனையும் எங்கள் வள்ளத்தையும் கடல் கொண்டுபோனது. பல மாதங்களாக நான் கரைப் பக்கம் போகவே இல்லை. ஒரு நாள் அயலிலுள்ள பெரியவர் ஒருவர் வந்து, ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லாமல், கிழிந்த வலையொன்றை என் மடியில் போட்டு, ஊசியையும் நூலையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு கண்ணியாகத் தைக்கத் தைக்கக் கண்ணீர் வலையிலேயே விழுந்தது. ஆனாலும் இருட்டும் வரை கை ஓயவில்லை. அன்றிரவுதான் நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் குமுறும்போது நாங்கள் காற்றோடு சண்டை பிடிப்பதில்லை. வலையைப் பார்க்கிறோம், இயந்திரத்தைக் கழற்றித் துடைக்கிறோம். சந்தோஷத்தை என்னால் வரவழைக்க முடிந்ததில்லை. அன்றைக்கு எந்த வேலையில் கை வைப்பது என்பதை மட்டும் பெரும்பாலும் நானே முடிவு செய்திருக்கிறேன்.

பதில்: திருகோணமலை நகர், உளவளத்துணையாளர்

உங்கள் மகள் மிகச் சரியாகக் கவனித்திருக்கிறாள். உணர்ச்சியை மறைப்பதும், நடந்ததை வேறு கோணத்தில் பார்ப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். மனத்தைக் கலங்கடிக்கும் படக்காட்சிகளைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று கேட்கப்பட்டவர்களுக்கு உள்ளே இருந்த அருவருப்போ துயரமோ குறையவில்லை. மாறாக, உடலின் அழுத்தம் கூடியது. காட்சியை வேறுவிதமாகப் பொருள்கொண்டு பார்த்தவர்களுக்கோ அந்த உணர்ச்சியே தணிந்தது. "எல்லாம் நல்லதுக்கே" என்று தன்னை நம்பவைப்பதை நான் இதில் சேர்க்க மாட்டேன். "அவர் பழையபடி நடக்கவில்லை" என்பதோடு, "போன மாதம் எழுந்து உட்காராதவர் இப்போது உட்காருகிறார்" என்பதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அது. இரண்டும் உண்மை என்பதால் அங்கே நடிப்புக்கு இடமில்லை.

எந்தச் சூழலிலும் மனிதன் தன் மனப்பாங்கைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதிய வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கல், நாஜி வதைமுகாம்களிலிருந்து 1945இல் உயிரோடு மீண்டவர். தாய், தந்தை, சகோதரன், மனைவி என்று நெருங்கியவர்களை அவர் அங்கே இழந்தார். அந்தத் துயரத்தை இல்லையென்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை என்பதை, அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை இரண்டு கிழமைகளுக்கு மேலாக அநேகமாக நாள்தோறும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதை மனவுறுதியால் மட்டும் வெல்ல முடியாது, மருத்துவம் தேவை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

பதில்: மூதூர், ஓய்வுபெற்ற ஆசிரியை

2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து நாங்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது, வந்தவர்கள் எல்லோரும் "பொறுமையாக இருங்கள்" என்றார்கள். என் மனத்தை உண்மையில் இலேசாக்கியவர், என் பிள்ளைக்குச் செருப்பு வாங்கி வந்த ஒரு பெண். ஆகவே சகோதரி, உங்களுக்கு அறிவுரை சொல்ல வருகிறவர்களிடம், கிழமையில் ஒரு பின்னேரம் கணவரோடு வந்து இருக்கும்படி தயங்காமல் கேளுங்கள். தன் மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபிகளார் கண்ணீர் விட்டார்கள்; பொறுமை என்பது அழாமல் இருப்பது என்று எங்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

கேட்டவர்: உப்புவெளி வாசகி

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் மகளைப் பக்கத்தில் இருத்தி, "அம்மாவுக்கு இன்றைக்குக் கவலையாக இருக்கிறது" என்று முதன்முறையாகச் சொன்னேன். அவள் பயப்படவில்லை. உள்ளே போய்ச் சீப்பை எடுத்து வந்து, அப்பாவின் கட்டிலருகே என்னை உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாள். வாகு கோணலாக வந்ததைப் பார்த்து அவர் சிரித்தார்; நானும் சிரித்தேன். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது என் தூக்கமின்மையைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்கப் போகிறேன். அன்று கணவரோடு இருக்க மச்சாள் வருவதாகச் சொல்லியிருக்கிறா.