தெற்கு வீதி வீட்டுக் குழு: பெரியப்பா கண்ணை மூடிக் கேட்ட வாரம்

[ஞாயிறு, இரவு 8:40] கயல்: அனைவருக்கும் வணக்கம். அப்பா கண்புரை அறுவை முடிந்து நலமாக வீடு வந்துவிட்டார். ஒரு வாரம் படிக்கக் கூடாது, தொலைக்காட்சி பார்க்கக் கூடாது, தலையை வேகமாக அசைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். செய்தி போட்டால் கோபம் வருகிறது. கச்சேரி போட்டால் தொடையில் தாளம் போட்டு, மூன்றாவது நிமிடத்தில் தலையை ஆட்டத் தொடங்கிவிடுகிறார். ஆகவே யாருக்கும் தலை ஆடாத இசை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

[ஞாயிறு, இரவு 8:52] நான்: தலையே ஆடாத இசை ஒன்று இருக்கிறது, கயல். ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரையன் ஈனோ 1978இல் உருவாக்கிய ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ என்னும் தொகுப்பைப் போட்டுப் பார். ஜெர்மனியில் கொலோன் விமான நிலையத்தில் ஒரு நாள் காலை காத்திருந்தபோது, கட்டடம் அவ்வளவு அழகாக இருந்தும் ஒலிபெருக்கியில் வந்த பாட்டு அதற்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை என்று அவருக்குத் தோன்றியதாம். நடுவில் அறிவிப்பு குறுக்கிட்டாலும், பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் கெட்டுப்போகாத ஓர் இசை வேண்டும் என்று யோசித்துச் செய்தது இது. பிற்பாடு நியூயார்க்கில் லகார்டியா விமான நிலையத்தின் ஒரு முனையத்தில் இதை ஒலிக்கவும் விட்டார்கள். ‘ஆம்பியன்ட்’, அதாவது சூழலோடு கலந்தது, என்ற பெயர் இந்த வகை இசைக்கு நிலைத்தது இந்தத் தொகுப்பால்தான்.

[திங்கள், காலை 7:15] பெரியப்பா (அவர் சொல்லச் சொல்லக் கயல் எழுதியது): இளங்கோ, நீ அனுப்பியதை நேற்று இரவு ஏறத்தாழ 17 நிமிடம் பொறுமையாகக் கேட்டேன். ஒருவர் பியானோவில் ஒரு சிறு வரியை வாசிக்கிறார், நிறுத்துகிறார், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அதையே வாசிக்கிறார். இதோ அனுபல்லவிக்குப் போவார், இதோ போய்விடுவார் என்று காத்திருந்து தூங்கிப் போனேன். விமானம் வரவே இல்லை. மருத்துவர் பார்வையில் இது சிறந்த இசையாக இருக்கலாம். தலை ஆடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

[திங்கள், காலை 9:30] கோவை அத்தை: அண்ணா, நானும் கேட்டேன். முதல் துண்டைவிட இரண்டாவது துண்டில்தான் விஷயம் இருக்கிறது. அதில் பெண் குரல்கள் ‘ஆ’ என்று ஒவ்வொரு சுரமாக நீட்டுகின்றன. எது எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. தம்புரா மீட்டுகிறவர் தாளத்தைப் பார்த்து மீட்டுவதில்லை. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்தியையும் தன் போக்கில் வருடிக்கொண்டிருப்பார். மேடையில் இரண்டு தம்புரா இருந்தால் இரண்டும் ஒன்றாக விழாது, விழவும் கூடாது. அந்த முன்பின்னில்தான் சுருதி இடைவெளியில்லாமல் நிரம்பும். இங்கேயும் அதே வேலைதான் நடக்கிறது. ஆனால் தம்புரா, பாடுகிறவருக்காக இருக்கிறது. இதில் தம்புரா வந்துவிட்டது, பாடகர் வரவில்லை.

[திங்கள், காலை 9:41] பெரியப்பா (கயல் எழுதியது): பாடகர் வராத கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவன் நிலை என் நிலை.

[திங்கள், இரவு 10:05] சித்தப்பா: அண்ணா, அக்கா சொன்ன அந்த இரண்டாவது துண்டு எப்படிச் செய்யப்பட்டது என்று இளங்கோ தொலைபேசியில் விளக்கினான், கேட்டதிலிருந்து எனக்கு உறக்கம் வரவில்லை. ஒவ்வொரு குரலையும் தனித்தனி ஒலிநாடாவில் பதிந்து, நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கியிருக்கிறார்கள். ஒரு வளையம் 23½ நொடிக்கு ஒருமுறை சுற்றி வருகிறது, அடுத்தது ஏறத்தாழ 25⅞ நொடி, அதற்கடுத்தது ஏறத்தாழ 30 நொடி. வேறு வளையங்களும் உண்டு. பதிவுக்கூடத்து நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும் என்று வைத்துக்கொண்டால், 23½ நொடிக்கு நாடா 29 அடிக்கு மேல் வரும். 29 அடி வளையத்தை எந்தக் கருவி தாங்கும்? ஆகவே அறையில் இருந்த அலுமினிய நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, அவற்றின் கால்களைச் சுற்றி நாடாவை ஓடவிட்டார்களாம். என் பதிவுக் கடையில் கேசட்டின் உள்ளே நாடா சிக்கிக்கொண்டு வெளியே பிதுங்கினால், அதை நாற்காலிக் கையில் மாலைபோல் தொங்கவிட்டு, பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகித் திரும்பச் சுற்றுவேன். அந்தக் கோலத்தையே ஒருவர் இசைக்கருவியாக நிறுத்தியிருக்கிறார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

[திங்கள், இரவு 10:48] நான்: சித்தப்பா, உங்கள் செய்தியைப் பார்த்ததும் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 23½ நொடி வளையமும் 25⅞ நொடி வளையமும் ஒன்றாகக் கிளம்பினால், மறுபடி ஒன்றாக வந்து சேர 81 நிமிடம் ஆகும். முழுத் தொகுப்பே 50 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. மூன்றாவது வளையத்தை ஈனோ ஒரு சொற்பொழிவில் 29 நொடியும் பதினாறில் பதினைந்து பங்கும் என்று சொன்னார். ‘ஏறத்தாழ’ என்ற சொல்லையும் அவரே சேர்த்துக்கொண்டார் என்றாலும், அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் மூன்றும் மறுபடி ஒரே கணத்தில் கூட ஏறக்குறைய 27 நாள் ஆகிறது. நாம் கேட்பது அந்த 27 நாளிலிருந்து வெட்டி எடுத்த ஒன்பது நிமிடத்தை மட்டும்தான்.

[செவ்வாய், காலை 6:30] பெரியப்பா (கயல் எழுதியது): 27 என்றா சொன்னாய்? நிலவு ஒரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பி 27 நட்சத்திரத்தையும் சுற்றித் தன் இடத்துக்குத் திரும்பும் கணக்கு அது. தற்செயல்தான், தெரியும், இருந்தாலும் இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அனுபல்லவிக்குக் காத்திருக்கமாட்டேன். பஞ்சாங்கத்தைக் கேட்பதுபோல் கேட்டிருப்பேன்.

[புதன், பிற்பகல் 1:20] கயல்: ஒரு செய்தி. அப்பா இந்த இசை வேண்டவே வேண்டாம் என்று நேற்று நிறுத்தச் சொல்லிவிட்டார். இன்று காலை சமையலறையில் எனக்காக மட்டும் அதே தொகுப்பை, மின்விசிறிச் சத்தத்துக்கும் கீழே இருக்கும்படி மெதுவாக வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து, “யார் அது, கோயிலிலா ஏதாவது நடக்கிறது?” என்று குரல் வந்தது. ஓடிக்கொண்டிருந்தது அவர் நேற்று நிறுத்தச் சொன்ன அதே இரண்டாவது துண்டு. சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்து, “குக்கர் விசில் சரியாகப் பஞ்சமத்தில் சேர்ந்தது” என்கிறார்.

[புதன், பிற்பகல் 1:34] கோவை அத்தை: அந்தக் குக்கரை எனக்குத் தெரியும். அது எந்தக் காலத்திலும் பஞ்சமத்தில் நின்றதில்லை. ஆனாலும் அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார் என்பது மகிழ்ச்சி.

[புதன், இரவு 9:10] நான்: கயல், உங்கள் வீட்டில் நடந்ததற்கும் இந்த இசை பிறந்த கதைக்கும் அதிகத் தூரம் இல்லை. 1975 ஜனவரியில் லண்டனில் ஒரு டாக்சி மோதி ஈனோ எழுந்திருக்க முடியாமல் வீட்டில் கிடந்தார். பார்க்க வந்த ஜூடி நைலன் என்ற தோழி, 18ஆம் நூற்றாண்டு யாழிசை இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு தட்டுத் தடுமாறி அதை ஓடவிட்டுப் படுத்தபின்தான் ஒலி மிகத் தாழ்வாக இருப்பதும், ஸ்டீரியோவின் ஒரு பக்கம் வேலை செய்யாததும் ஈனோவுக்குத் தெரிந்தது. எழுந்து சரிசெய்யத் தெம்பில்லை. வெளியே மழை, அதனூடே யாழின் உரத்த சுரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுந்தன. ஒளியின் நிறமும் மழைச் சத்தமும் போல இசையும் சூழலின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்று அப்போது பட்டது என்று, அதே ஆண்டு வெளியிட்ட ‘டிஸ்கிரீட் மியூசிக்’ தொகுப்பின் குறிப்பில் எழுதினார். ஆனால் அந்தத் தோழி பின்னாளில் சொன்னது வேறு: ஒலி தற்செயலாகத் தாழ்ந்து போகவில்லை, மழைச் சத்தத்துக்கு இணையாக வரும்படி தானே பார்த்துப் பார்த்து வைத்ததாகவும், ஈனோவும் அதைப் புரிந்துகொண்டு உடன் ஒத்துழைத்ததாகவும் சொன்னார்.

[புதன், இரவு 9:22] கோவை அத்தை: படுத்துக் கிடந்தவருக்குத் தற்செயலாகத் தெரிந்தது, நின்று வைத்தவளுக்கு வேலையாகத் தெரிந்திருக்கும். நான் அந்தப் பெண் பக்கம். இன்றைக்கு நம் வீட்டிலும் ஒலியைக் குறைத்து வைத்தது கயல்தான், குக்கரைப் புகழ்ந்தது அண்ணன்.

[வியாழன், காலை 8:00] கயல்: இன்று இளங்கோ அண்ணன் சொன்ன ஜப்பானியரைப் போட்டேன். ஹிரோஷி யோஷிமுரா என்று பெயர். ‘க்ரீன்’ என்ற தொகுப்பு 1986இல் வந்தது. எட்டுத் துண்டுகள். பெயர்களைப் படிக்கிறேன், கேளுங்கள் அப்பா என்று வாசித்தேன்: க்ரீக், ஃபீல், ஷீப், ஸ்லீப், க்ரீன், ஃபீட், ஸ்ட்ரீட், டீவீ.

[வியாழன், காலை 8:06] பெரியப்பா (கயல் எழுதியது): எட்டிலும் ‘ஈ’. இலக்கணப்படி எதுகை என்று சொல்ல முடியாது. ஆனால் உயிரொலியைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்திருக்கிறார் என்றால் காது உள்ளவர். தொடக்கத்துத் துண்டில் நீர் ஓடும் சத்தமும் பறவைச் சத்தமும் வருகின்றன. வெளியே மாமரத்தில் மைனா இருக்கும்போது உள்ளே இன்னொன்று எதற்கு?

[வியாழன், காலை 8:31] நான்: பெரியப்பா, சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அந்தப் பறவைகள் அமெரிக்க வெளியீட்டுக்காகச் சேர்க்கப்பட்டவை. அவை இல்லாத மூலப்பதிவைத்தான் 2020இல் இசைத்தட்டாக மறுவெளியீடு செய்தார்கள். கயல், தலைப்பில் ‘எஸ்எஃப்எக்ஸ்’ (சேர்த்த ஒலிகள்) என்று இருப்பதை விட்டுவிட்டு மற்றதைப் போடு. யோஷிமுராவின் முதல் தொகுப்பு ‘ஒன்பது அஞ்சலட்டைகளுக்கான இசை’, 1982இல் வந்தது. டோக்கியோவில் ஹாரா கலைக்கூடத்தில் அதை ஒலிக்கவிட்டபோது, வந்தவர்கள் இது என்ன இசை, எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்களாம். வெளியுலகில் மிகச் சிலருக்கே தெரிந்திருந்தது. அவர் 2003இல் மறைந்துவிட்டார். அதன்பின் யூடியூபில் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இவர் பாட்டு தானாக அடுத்ததாக வந்து நின்றது. தேடிப் போகாத லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். 2017இல் அந்த அஞ்சலட்டைத் தொகுப்பும் மறுபடி அச்சுக்கு வந்தது.

[வியாழன், இரவு 8:15] பெரியப்பா (கயல் எழுதியது): பறவை இல்லாததைக் கேட்டேன். மூன்று முறை. ஈனோவைவிட இவரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் அறைக்குள் வந்து, நான் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று நிற்கிறார். இவர் திண்ணையில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கிறார். மைனாவும் இடையில் இரண்டு முறை கத்தியது, பொருந்தியது.

[வெள்ளி, இரவு 9:40] சித்தப்பா: இளங்கோ எனக்குத் தனியாக அனுப்பிய தொகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வில்லியம் பசின்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1980களில் செய்து வைத்திருந்த நாடா வளையங்களை 2001இல் கணினிக்கு மாற்ற உட்கார்ந்திருக்கிறார். வளையம் சுற்றச் சுற்ற, நாடாவின் மேல் பூசிய காந்தத் துகள் உதிர்ந்துகொண்டே வருகிறது. நிறுத்தாமல் ஓடவிட்டு, இசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போவதை அப்படியே பதிந்துவிட்டார். ‘டிஸின்டெக்ரேஷன் லூப்ஸ்’ என்று பெயர். முதல் துண்டு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். எனக்கு அந்தத் துகளைத் தெரியும். பழைய கேசட்டை ஓட்டியபின் ஹெட்டைப் பஞ்சால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால், பஞ்சு பழுப்பாக, மூக்குப்பொடி ஒட்டியதுபோல் வரும். அந்தப் பழுப்புதான் பாட்டு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மேல்சத்தம் முதலில் போகும், பிறகு இடையிடையே பள்ளம் விழும், கடைசியில் இரைச்சல்தான் மிஞ்சும். இந்த ஒழுங்கு மாறாமல் அவர் தொகுப்பிலும் வருகிறது. சத்தம் போய்விட்டது என்று எத்தனையோ பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இன்று பரணிலிருந்து அக்கா 1987இல் மாரியம்மன் கோயிலில் பாடிய கேசட்டை எடுத்து ஓட்டினேன். தோடி அரைவாசி உதிர்ந்துவிட்டது, தம்புரா மட்டும் முழுதாக இருக்கிறது.

[வெள்ளி, இரவு 9:58] கோவை அத்தை: நல்லதாயிற்று. அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆனால் தம்பி, அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்காதே. ஒரே முறை, முதலில் கணினியில் ஏற்று. பசின்ஸ்கியின் வேலை முடிந்த காலை 2001 செப்டம்பர் 11 என்றும், அவர் புரூக்ளினில் மொட்டை மாடியிலிருந்து புகையைப் பார்த்தபடி இதைக் கேட்டதாகவும், இறந்தவர்களுக்கு இதை அர்ப்பணித்ததாகவும் கயல் சொன்னாள். அதைத் தெரிந்துகொண்டபின் எனக்கு நாடாவின் சத்தம் கேட்கவில்லை, செய்திதான் கேட்டது. தெரியாமல் கேட்ட முதல் இருபது நிமிடம்தான் எனக்கு இசை.

[வெள்ளி, இரவு 10:10] பெரியப்பா (கயல் எழுதியது): உதிர்வதை ஒரு மணி நேரம் கேட்கும் தெம்பு, ஒரு கண்ணோடு இருக்கும் எனக்கு இப்போது இல்லை. கண் திறந்தபின் பார்க்கலாம்.

[சனி, காலை 11:00] நான்: சித்தப்பாவுக்கு ஓர் ஆறுதல். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைக்கலைஞரான டேவிட் டியூடர் வந்து, மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் ஒரு மூக் சிந்தசைசரோடு மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்ட நம் நாட்டவர் சிலர் 1972 வரை அதில் இசை செய்தார்கள். அந்த நாடாக்கள் அங்கேயே கிடந்து, பால் பர்கஸ் என்பவர் கண்ணில் பட்டு, 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. எல்லா நாடாவும் உதிர்வதில்லை. பறவைக் குரலைப்போல் கருவியில் செய்த ஒலியெல்லாம் அதில் வரும். பெரியப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

[சனி, இரவு 8:45] பெரியப்பா (கயல் எழுதியது): நாளை கண்கட்டு பிரிக்கிறார்கள். அகமதாபாத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். இன்று இரவுக்கு முதல் நாள் போட்ட ஈனோவின் இரண்டாவது துண்டையே மறுபடி வை, கயல். மின்விசிறி இரண்டில் ஓடட்டும், அதற்கும் ஒரு படி கீழே ஒலியை வை. அனுபல்லவியைப் பற்றி நான் எதுவும் கேட்கமாட்டேன்.

[சனி, இரவு 8:47] கயல்: வைத்துவிட்டேன் அப்பா. சமையலறைக் கதவையும் திறந்து வைத்திருக்கிறேன்.