சித்திரைத் திருவிழா இரவில் நெட்வொர்க் ஏஜென்ட்கள்: எங்கள் அனுபவங்கள்

தல்லாகுளத்திலிருந்து:

மதுரையில் ஒரு தனியார் கைபேசி நிறுவனத்தில் நெட்வொர்க் பராமரிப்புப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். எங்கள் டவர்களைத் தாமாகவே முடிவெடுக்கும் ஏஜென்ட் மென்பொருள்கள் நிர்வகிக்கின்றன. அவற்றுள் ஒன்று, நெரிசல் மிகுந்த செல்லிலிருந்து (டவரின் ஓர் ஆண்டெனா சேவை தரும் பகுதியே செல்) சில கைபேசிகளைப் பக்கத்துச் செல்லுக்குத் தள்ளிவிடும். மற்றொன்று, பயன்பாடு குறைந்த நள்ளிரவில் கூடுதல் அலைவரிசைகளை அணைத்து மின்சாரத்தைச் சேமிக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டின் மீதும் குறை சொல்ல இடமில்லை.

2024 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை விடியலில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளினார். முந்தைய ஆண்டு அந்த வைபவம் மே 5 அன்று நடந்தது. சித்ரா பௌர்ணமி ஆங்கில நாட்காட்டியில் ஓரிடத்தில் நிற்பதில்லை. சேமிப்பு ஏஜென்ட் அறிந்ததோ சென்ற சில வாரங்களின் பயன்பாட்டுக் கணக்கை மட்டுமே. எனவே அது வழக்கம்போல் நள்ளிரவில் அலைவரிசைகளை உறங்க வைத்தது. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைக் கண்ட மக்கள் கோரிப்பாளையம் வழியாக ஆற்றை நோக்கித் திரளத் தொடங்கியது அதன் பிறகுதான்.

செல்லின் சுமை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் உறங்கும் அலைவரிசை விழித்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தோம். ஆனால் சுமையைப் பகிரும் ஏஜென்ட், அந்த அளவை எட்டும் முன்பே கைபேசிகளை அக்கம்பக்கத்துச் செல்களுக்குத் தள்ளிக்கொண்டே இருந்ததால், எல்லாச் செல்களும் எல்லைக்குச் சற்றுக் கீழேயே நின்று திணறின, எதுவும் விழிக்கவில்லை. தொலைவிலுள்ள செல்லுக்குத் தள்ளப்பட்டவர்களின் அழைப்புகள் பாதியில் அறுந்தன. அந்தக் கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாய் யாரேனும் பேச வழியின்றி நின்றிருப்பாரோ என்ற நினைப்பு இன்றும் என்னை வருத்துகிறது. மூன்று மணிக்கு மேல் சேமிப்பு ஏஜென்டை நாங்களே நிறுத்திய பிறகுதான் நிலைமை சீரானது.

இப்போது பஞ்சாங்கம் வெளிவந்தவுடன் திருவிழா நாட்களைக் குறித்துக்கொண்டு, ஆற்றங்கரைச் செல்களில் அந்த இரவுகளில் சேமிப்பு ஏஜென்ட் இயங்கக் கூடாது என விதி எழுதிவிடுகிறோம். 2025 மே 12 விடியலில் எங்கள் அலைவரிசை எதுவும் உறங்கவில்லை.

மேலூரிலிருந்து:

சார், எங்கள் ஃபைபர் வளையத்தில் (ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியே தகவல் செல்லும் ஒளியிழை இணைப்பு) சாலைப் பணியின்போது கேபிள் அடிபட்டு, இணைப்பு விட்டுவிட்டு வந்தது. அறுந்ததும் மாற்றுப் பாதைக்குப் போன ஏஜென்ட், கேபிளில் ஒளி மீண்டும் தெரிந்த மறுகணமே பழைய பாதைக்குத் திரும்பியது. அது மறுபடி அறுந்தது. மாலை வரை இதே நிலைதான். திரும்புமுன் காத்திருக்க வேண்டிய நேரம் பூஜ்யமாக இருந்ததே காரணம். அதை 5 நிமிடமாக மாற்றியதும் ஆட்டம் நின்றது. இரு ஏஜென்ட்கள் முரண்படும்போது நீங்கள் எதற்கு முதலிடம் தருகிறீர்கள்?

தல்லாகுளத்திலிருந்து:

அழைப்பு அறுபடாமல் காப்பதற்கு முதலிடம், சுமைப் பகிர்வு அடுத்தது, மின்சேமிப்பு கடைசி. பகிரும் ஏஜென்ட் ஒரு செல்லிலிருந்து தள்ளத் தொடங்கினாலே, அங்கு உறங்கும் அலைவரிசை முதலில் விழித்தாக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம்.